அறுபது நாளும் ஒரு கால்மிதி ஸ்டாண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு டாலவாங் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினேன். டிரைவர் இல்லாத வண்டி. முன்பக்கக் கண்ணாடிகிட்ட நின்றால் சுரங்கத்துக்குள் நாமே ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். அங்கே எப்பவும் சின்னப் பசங்க கூட்டம். நடுவில் நானும் நின்றேன். "அப்பா, ஆரம்பிக்காதே ப்ளீஸ்" என்று மகள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். பக்கத்தில் நிற்கிற யாரிடமாவது, "இந்த வண்டி எங்க ஊர்ல செஞ்சது, தெரியுமா?" என்று பேச்சுக் கொடுத்துவிடுவேனோ என்று அவளுக்குப் பயம். ஏற்கெனவே நாலைந்து தடவை மானம் போயிருக்கிறது அவளுக்கு.

ஆனால் விஷயம் உண்மைதான். 2019 மே 26-ந் தேதி ஓட ஆரம்பித்த சிட்னி மெட்ரோவின் வண்டிகளை அல்ஸ்டாம் கம்பெனி ஸ்ரீ சிட்டியில் செய்து கப்பலில் அனுப்பியது. ஆறு பெட்டி கொண்ட 22 வண்டி. சென்னை மெட்ரோவுக்கு முதல் ஒன்பது வண்டி பிரேசிலில் இருந்து வந்தது, மிச்சமெல்லாம் ஸ்ரீ சிட்டிதான். கொச்சிக்கு அங்கிருந்துதான் போனது. மான்ட்ரியலில் இருக்கிற நண்பர்களே, 2023-ல் உங்கள் ஊரில் ஓட ஆரம்பித்த ரெம் வண்டியும் எங்க ஊர் சரக்குதான் :-)

"எங்க ஊர்" என்று சொல்கிறேனே, அது எந்த ஊர் என்று கேட்டால் கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டும். சென்னையில் இருந்து கல்கத்தா ரோட்டில் போனால் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், அதோடு தமிழ்நாடு சரி. அடுத்து தடா. அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஸ்ரீ சிட்டி, அப்புறம் சத்தியவேடு. சென்னையில் இருந்து 55 கிலோமீட்டர்தான், ஆனால் ஆந்திரா. நான் பிறந்தபோது சித்தூர் மாவட்டம், 2022-ல் இருந்து திருப்பதி மாவட்டம். எங்க தாத்தா பிறந்தபோதோ மெட்ராஸ் ராஜதானி, செங்கல்பட்டு ஜில்லா. 1960 ஏப்ரல் ஒண்ணாந்தேதி எல்லையை மாற்றினார்கள். திருத்தணி அந்தப் பக்கம் வந்தது, எங்க பக்கத்து கிராமங்கள் இந்தப் பக்கம் போயின. ம.பொ.சி.யின் போராட்டத்தில் திருத்தணி கிடைத்த கதையை எல்லாரும் சொல்வார்கள். பதிலுக்குப் போன ஊர்க்காரர்களைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, அப்பாவுக்குப் பெயர் நைனா. இப்படி வளர்ந்தவன் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சென்னையில் இருந்து ஒரு பையன் போன் பண்ணினான். தங்கமணியின் பெரியம்மா பேரன். ஒரு கம்பெனியில் டிசைனராக இருந்தான். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். "மாமா, க்ரைசிஸ்லதான் டிசைனருக்கு ஆப்பர்ச்சூனிட்டின்னு எல்லாரும் சொல்றாங்க. அது எங்க இருக்குன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றான். சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. சீன மொழியில் நெருக்கடி என்கிற சொல்லுக்குள்ளேயே வாய்ப்பு ஒளிந்திருக்கிறது என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுமே, அதை அவனுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். சீனம் படித்தவர்கள் அது தப்பு என்கிறார்கள். எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் மாதச் சம்பளம் வந்துகொண்டு இருக்கிறவர்கள்தான் அதை அனுப்புவார்கள் என்பது தெரியும்.

அவனிடம் போனில் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டிசைனர் என்றால் யார்? நைனா ஊரில் "பையன் டிசைனரு" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் ஜாக்கெட்டுக்குக் கழுத்து வரைந்து தரச் சொல்லியிருக்கிறார். நான் வரைவது தகடு, குழாய், கீல், கைப்பிடி. பாலிடெக்னிக் முடித்து, அம்பத்தூரில் கொஞ்ச காலம், அப்புறம் 2012-ல் இருந்து ஸ்ரீ சிட்டியைச் சுற்றி. ரயில் பெட்டிக்குள் உட்காரும் இருக்கை, பிடித்துக்கொள்ளும் கம்பி, பக்கவாட்டுப் பலகை மாதிரி சாமான் செய்கிற சின்னக் கம்பெனியில் வேலை. அங்கிருந்துதான் 2017-ல் சிட்னி.

ஸ்ரீ சிட்டியே ஒரு நெருக்கடிக் குழந்தைதான். 2008 ஆகஸ்டில் திறந்தார்கள். செப்டம்பர் 15-ந் தேதி அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறவர்களை நம்பிச் சிறப்புப் பொருளாதார மண்டலம் போட்டால், அடுத்த மாசமே வெளிநாட்டில் வாங்க ஆளில்லை! இன்றைக்கு அங்கே உள்நாட்டில் விற்கிறவர்களுக்கென்று தனி மண்டலமும் இருக்கிறது. சாக்லேட், டூத்பேஸ்ட், ஏசி, பிக்கப் வண்டி, ரயில் எல்லாம் அங்கேயே. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா மூடியது, அந்த வருஷக் கடைசியில் பக்கத்தில் ஃபாக்ஸ்கானும் நிறுத்தியது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை போனது. எட்டு மாதம் கழித்து அதே ஃபாக்ஸ்கான் ஸ்ரீ சிட்டியில் ஷியோமி போன் செய்துகொண்டிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் அழுகை, இந்தப் பக்கம் ஆள் எடுப்பு. வாய்ப்பு வருகிறது, சரி. இழந்தவருக்கே வருகிறதா என்பது வேறு கேள்வி. அந்தப் பையன் கேட்டதும் இதைத்தான்.

இப்போது என் கதை.

2020 ஏப்ரல் 9, வியாழக்கிழமை. அடுத்த நாள் புனித வெள்ளி, லீவு. மத்தியானம் வீடியோ மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். பதினொரு நிமிஷம். லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். எனக்கு 482 விசா. உங்களில் நிறையப் பேருக்கு இதை விளக்க வேண்டாம், வயிற்றில் ஏற்கெனவே புளி கரைந்திருக்கும். மற்றவர்களுக்காக: இந்த விசாவில் வந்தவன் ஸ்பான்சர் செய்த முதலாளிக்குத்தான் வேலை செய்யலாம். வேலை போனால் அப்போது 60 நாள். அதற்குள் வேறு முதலாளி கிடைக்க வேண்டும், இல்லையா, மூட்டை கட்ட வேண்டும். (2024 ஜூலையில் இதை 180 நாளாக்கினார்கள்.) அரசாங்கம் கொடுத்த ஜாப்கீப்பர் உதவி எங்களை மாதிரித் தற்காலிக விசாக்காரர்களுக்குக் கிடையாது. சூப்பர் நிதியில் நம்ம காசில் பத்தாயிரம் டாலர் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மூட்டை கட்டிக் கிளம்பலாம் என்றாலும் விமானம் இல்லை. மார்ச் கடைசியிலேயே இந்தியா எல்லா விமானத்தையும் நிறுத்திவிட்டது. இருக்கவும் கூடாது, போகவும் முடியாது. தங்கமணி ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை, அவருக்கும் நேரம் பாதியாகிவிட்டது.

அன்று ராத்திரி ஒரு நோட்டில் 1 முதல் 60 வரை எண் எழுதி வைத்தேன். தினம் ஒன்றை அடிப்பது. பைத்தியக்காரத்தனம்தான். மகள் அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா கேம் இது?" என்றாள்.

விண்ணப்பம் போடுவது, பதில் வராதது, இதெல்லாம் எல்லாரும் அனுபவித்ததுதான், விட்டுவிடுகிறேன். ஒரு வாரம் கழித்துச் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். சத்தியவேடு ரோட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறான். ஸ்ரீ சிட்டி தொழிற்சாலைகளுக்குத் தள்ளுவண்டி, சாமான் அடுக்கும் ரேக் இதெல்லாம் செய்து கொடுப்பான். மார்ச் 25-ல் லாக்டவுன் வந்ததும் அத்தனை ஆர்டரும் நின்றது. ஒடிஷாக்காரப் பையன்கள் மூன்று பேர் பட்டறையிலேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சோறு போட வேண்டும். வெல்டிங் மெஷினுக்கு வாங்கின கடன். ரிசர்வ் வங்கி தவணைக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருந்தது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவனிடம் என் வேலை போனதை அதுவரை சொல்லவில்லை. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அவன் ஒரு தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். ஏப்ரல் 15-ந் தேதி மத்திய உள்துறை போட்ட உத்தரவு. தொழிற்சாலை திறப்பதென்றால் நுழைகிற வழி, வெளியேறுகிற வழி எல்லாவற்றிலும் கை கழுவவும் சானிடைசருக்கும் ஏற்பாடு வேண்டும், கூடுமானவரை கையால் தொடாமல் இயங்குகிற மாதிரி. "ண்ணா, இந்தத் தொடாமன்னு போட்டிருக்காங்களே, அத்த கால்ல மிதிக்கிற மாதிரி பண்ணலாமா? நீ வரைஞ்சு குடு, நான் அடிச்சுத் தர்றேன்."

நான் கிடைத்தது சான்ஸ் என்று உட்கார்ந்தேன். இரண்டு நாள் தூக்கமில்லாமல் வரைந்தேன். லேசரில் வெட்டின தகடு, நைலான் புஷ், தலை உள்ளே அமுங்குகிற ஸ்க்ரூ, பவுடர் கோட்டிங், பாட்டிலைப் பிடிக்க அழகான வளைவு. பார்ப்பதற்கு ஏர்போர்ட்டில் வைக்கலாம் போலிருந்தது. அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டான்.

"ண்ணா, சூப்பரா கீது. இத்த யாருக்கு வரைஞ்ச? எனக்கா, கம்ப்யூட்டருக்கா?"

லேசர் கடை மூடியிருக்கிறது. நைலான் கம்பி வாங்க பாரிஸ் கார்னர் போக வேண்டும். ஆரம்பாக்கத்தில் போலீஸ் நிற்கிறது, பாஸ் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. (அந்த மாதக் கடைசியில் வேலூர் - சித்தூர் எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே சுவரே எழுப்பினார்கள், அப்புறம் இடித்தார்கள். அந்தக் கூத்து ஞாபகம் இருக்கிறதா?) சரி, உன்னிடம் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையைச் சுற்றிக் காட்டினான். ஒரு இஞ்ச் சதுரக் குழாய், துண்டு துண்டாக ஒரு மூலை நிறைய. பத்து எம்எம் கம்பி. தகடு மடிக்கிற மெஷின். வெல்டிங். டிரில்லிங். பழைய டிவிஎஸ் ஐம்பது ஸ்டாண்டு ஸ்ப்ரிங் ஒரு டப்பா நிறைய.

நான் இருபது வருஷமாகத் தலைகீழாக வேலை செய்துகொண்டிருந்தேன் என்று அன்றைக்குத் தெரிந்தது. எனக்கு வேண்டியதை வரைவேன், அதை வாங்குவது பர்ச்சேஸ் ஆளின் தலைவலி. இப்போது பர்ச்சேஸ் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து என்னென்ன கிடக்கிறது என்று பட்டியல் போட்டேன். அதற்குள்ளேயே வரைந்தேன். சதுரக் குழாய்தான் கம்பம். அதற்குள் கம்பி மேலும் கீழும் போகும். கீழே மிதி, மேலே வளைத்த கை. மிதித்தால் கை கீழே வந்து பாட்டில் தலையை அமுக்கும். காலை எடுத்தால் டிவிஎஸ் ஸ்ப்ரிங் மேலே இழுக்கும். நைலான் புஷ்ஷுக்குப் பதில் கம்பி நுழைகிற அளவில் இரண்டு வாஷர், குழாயின் மேலேயும் கீழேயும் வைத்து வெல்டிங். அவ்வளவுதான்.

இது என் மூளையில் மட்டும் உதித்தது என்று சொல்லவில்லை. அந்த ஏப்ரலில் நாடு முழுக்க ஆயிரம் பட்டறையில் ஆயிரம் பேர் இதையே செய்துகொண்டிருந்தார்கள். அதே நாட்களில் ரயில்வே தன் பழைய பெட்டிகளைத் தனிமை வார்டாக மாற்றியது. நடுப் படுக்கையைக் கழற்று, ஒரு கழிவறையைக் குளியலறையாக மாற்று, ஜன்னலுக்குக் கொசுவலை அடி. மொத்தம் 5,231 பெட்டி. புதுசாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை, இருப்பதில் எதை எடுக்கலாம் என்று பார்த்தார்கள். (அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை நோயாளியையே பார்க்கவில்லை. வெயிலில் நிற்கும் தகரப் பெட்டிக்குள் யார் படுப்பார்கள்? அதையும் சொல்ல வேண்டும்.) திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் பனியன் தைத்தவர்கள் முழு உடல் கவச உடை தைத்தார்கள். துணி பிரச்னை இல்லை, தையல் போடும் ஊசித் துளைதான் பிரச்னை. அது வழியாக ரத்தம் உள்ளே போகும். அதனால் ஒவ்வொரு தையல் மேலும் சூடான காற்றில் டேப் ஒட்ட வேண்டும். டேப் இல்லை, ஒட்டுகிற மெஷினும் இல்லை. செயற்கை ரத்தம் ஊற்றிச் சோதிக்கிற வசதி ஆரம்பத்தில் நாட்டிலேயே கோயம்புத்தூர் சிட்ராவில்தான் இருந்தது. மார்ச்சில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் இருந்தது, மே நடுவில் இந்தியாவில் ஒரு நாளைக்கு நாலரை லட்சம் உடை தயாரானது. தையல் துளை! மேனாட்டு டிசைன் வகுப்புகளில் 1942-ல் ஈம்ஸ் தம்பதி அமெரிக்கக் கடற்படைக்கு ஒட்டுப்பலகையில் கால்கட்டு செய்ததையும், அதில் கற்றது பிற்பாடு நாற்காலி ஆனதையும் திருப்பித் திருப்பிச் சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் கடற்படை காசு கொடுத்தது என்பதை மறந்துவிடுவார்கள்.

முதல் ஸ்டாண்ட் சத்தியவேட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்குப் போனது. மூன்று நாளில் பாட்டில் தலை உடைந்தது. நம்ம ஜனம் மிதிக்கிற மிதி அப்படி, ஆட்டோ ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி. கம்பியில் ஒரு நட்டை வெல்டு வைத்து, அதற்குமேல் கீழே இறங்காமல் தடுத்தோம். அடுத்த வாரம் வேறு கம்பெனி பாட்டில் வந்தது, உயரம் வேறு. பாட்டில் தட்டைக் கம்பத்தில் நிலையாக வைக்காமல், இஞ்சுக்கு ஒரு துளை போட்டு ஆணி சொருகி ஏற்றி இறக்குகிற மாதிரி மாற்றினோம். பட்டறையில் வெல்டிங் செய்கிற பெரியவர் ஒருத்தர் இருக்கிறார். அவர் மிதியைப் பார்த்துவிட்டு, "பொம்பளைங்க வந்தா பொடவை மாட்டும்பா" என்று ஒரே வரியில் சொன்னார். மிதியின் முனை கூர்மையாக நின்றது, நான் கவனிக்கவே இல்லை. ஓரத்தை மடித்தோம்.

இங்கே ஒரு விஷயம். இந்த வேலைக்கு நான் தம்பியிடம் ஒரு பைசா வாங்கவில்லை. பெருந்தன்மை இல்லை, விசா. வேறு யாருக்கும் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. அவன் இரண்டு முறை நைனா கணக்கில் போடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. "பெரிப்பாவுக்குத் தெரியுமா?" என்றான். தெரியாது என்றேன். "அப்ப எனக்கும் தெரியாது" என்றான்.

மே முதல் வாரம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆர்டர் வர ஆரம்பித்தது. இருபத்தி நாலு ஸ்டாண்ட் போயிருந்தது. அப்போதுதான் அந்த போன். ஒரு மளிகைக் கடையில் வைத்த ஸ்டாண்டில், நாலு வயசுக் குழந்தை ஒன்று அம்மா கூட வந்திருக்கிறது. பெரியவர்கள் மிதிப்பதைப் பார்த்து அதுவும் மிதித்திருக்கிறது. பெரியவருக்கு இடுப்பு உயரத்தில் இருக்கும் பாட்டில் வாய் குழந்தைக்கு நேராக முகத்தில். சானிடைசர் கண்ணுக்குள் தெறித்துவிட்டது.

அந்தக் கடைக்காரர் கெட்டிக்காரர். உடனே தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் கால் மணி நேரம் கண்ணைக் கழுவியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் காட்டி, இரண்டு நாளில் சரியாகிவிட்டது. எனக்குச் சரியாகவில்லை. பாட்டில் தலை, ஸ்ப்ரிங், புடவை எல்லாம் யோசித்தேன், மூன்றடி உயர மனுஷன் ஒருத்தன் வருவான் என்று யோசிக்கவில்லை. என் வீட்டிலேயே ஒருத்தி அப்படித்தான் வளர்ந்தாள். (2021 ஜனவரியில் பிரான்ஸ் நாட்டுக் கண் டாக்டர்கள் இதையே ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதியிருந்தார்கள். பொது இடத்து ஸ்டாண்டுகளால் குழந்தைகளுக்குக் கண் காயம் கூடியிருக்கிறது என்று. படித்தபோது கை நடுங்கியது.)

"எல்லாத்தையும் திருப்பி வாங்கிடு" என்றேன் தம்பியிடம். "வாங்கினா சோத்துக்கு என்ன பண்றது? வேற சொல்லு" என்றான். வாய்க்கு முன்னாலும் இரண்டு பக்கமும் தகடு மடித்து ஒரு மறைப்பு. கையைக் கீழே இருந்துதான் நீட்ட முடியும், தெறித்தாலும் தகட்டில்தான் படும். ஒரு மறைப்புக்குத் துண்டுத் தகடு, இரண்டு ஸ்க்ரூ. இருபத்தி நாலு செய்து பையில் போட்டுக்கொண்டு, டிரில்லிங் மெஷினையும் எடுத்துக்கொண்டு, பைக்கில் ஒவ்வொரு இடமாகப் போய் மாட்டிவிட்டு வந்தான். மூன்று நாள் ஆனது. காசு கேட்கவில்லை. வரதையபாளையத்தில் ஒருத்தர், "நல்லாத்தானே இருந்தது, எதுக்கு அசிங்கமா தகடு மாட்டறே" என்று திட்டினாராம்.

இங்கே என் நோட்டில் முப்பத்தாறாவது நாள். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி செய்கிற ஒரு கம்பெனியில் இருந்து வீடியோ இன்டர்வியூ. மெட்ரோ, ரயில் என்று என் பழைய படமெல்லாம் காட்டினேன். அந்தம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார், சுவாரஸ்யமில்லை. கடைசியில், "நீங்கள் செய்ததில் சமீபத்தில் தோற்றது எது?" என்று கேட்டார். வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். குழந்தை, கண், தகடு, பைக். வாட்ஸ்அப்பில் இருந்த போட்டோவைக் கேமரா முன்னாடி காட்டினேன். துருப்பிடித்த குழாய், பின்னால் கோழி ஒன்று நிற்கிறது. அந்தம்மா அதை மட்டும் பத்து நிமிஷம் கேட்டார். அந்த இருபத்தி நாலையும் யார் போய் மாட்டினார்கள், எத்தனை நாளில், பட்டியல் இருந்ததா என்று.

வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பேரம் பேசவில்லை. தாள் வேலை முடிந்து நாமினேஷன் கைக்கு வந்தது ஐம்பத்தாறாவது நாள். அது ஒரு நாள் தள்ளியிருந்தாலும், நாலு நாள் தள்ளியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில ராத்திரிகளில் கணக்குப் போடுவேன். என்னைவிடக் கெட்டிக்காரர் ஒருத்தர், ஹோம்புஷ்ஷில் பக்கத்து பிளாக்கில் இருந்தவர், வந்தே பாரத் விமானத்தில் குடும்பத்தோடு திரும்பிப் போனார். நான் தப்பித்ததில் என் சாமர்த்தியம் எவ்வளவு, அந்தம்மா கேட்ட கேள்வி எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

தம்பியின் ஸ்டாண்ட் வியாபாரமும் அப்படியே போய்விடவில்லை. மே, ஜூனில் ஒன்று 2,800 ரூபாய்க்குப் போனது. ஜூலையில் ஊருக்கு ஊர் இதைச் செய்ய ஆரம்பித்து, 1,100 ரூபாய்க்கு வந்து நின்றது. ஆகஸ்டில் கேட்க நாதியில்லை. அவனிடம் முப்பது கம்பம் மிஞ்சியது. ஆனால் அந்த இரண்டு மாதத்தில் ஒடிஷாப் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்து, ஊருக்கு ரயிலேற்றி அனுப்பினான். அவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்து இன்றும் அவனிடமே இருக்கிறார்கள்.

பையா, நீ கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். உன் பக்கத்தில் யார் பட்டறையிலாவது என்ன கிடக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. ராத்திரி பத்து மணிக்குள், எனக்கு அப்போதே இரண்டு மணி தாண்டியிருக்கும்.

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நைனாவிடம் அப்போதுதான் அறுபது நாள் கதையைச் சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றார். தம்பிதான் சொல்லியிருக்கிறான், அதுவும் அதே வாரத்தில், திருட்டுப் பய. அந்தத் தை மாதத்திலேயே உறவில் ஒரு கல்யாணம், சத்தியவேட்டில் மண்டபம். வாசலில் சந்தனம், கற்கண்டு தட்டு. பக்கத்தில் தங்க நிறத்தில் பெயின்ட் அடித்த கம்பம் ஒன்று நின்றது, மேலே பாட்டில். தம்பி மிஞ்சின முப்பதையும் மண்டபங்களுக்கு வாடகைக்கு விடுகிறானாம். "மிதி ண்ணா" என்றான். மிதித்தேன். உள்ளங்கையில் பன்னீர். தகடு மறைப்பு அப்படியே இருந்தது, அதிலும் தங்கப் பெயின்ட், ஓரத்தில் ஒரு மயில் ஸ்டிக்கர்.